சரக்கே தொட்டதில்லை... ஆனா கணையத்துல கல்! 'அல்சர்' வலிக்குப் பின்னால இதுவும் இருக்கலாம்

மேல் வயிறு வலிக்குது. சாப்பிட்டா கூடுது, முதுகு வரைக்கும் பாயுது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பட்டை கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டுட்டு வேலைக்குக் கிளம்பிடுறீங்க. வீட்டுல கேட்டா, "நேரத்துக்குச் சாப்பிடலை, அல்சர்"னு முடிச்சுடுவாங்க. பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால், வலி மாதக்கணக்கில் வந்து வந்து போனால், கணையத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையத்துக்கு இரண்டு வேலைகள். சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பது ஒன்று. இன்சுலின் சுரப்பது இன்னொன்று. அது கெட்டுப்போனால் "நீ குடிப்பியா?" என்பதுதான் ஊர் கேட்கும் முதல் கேள்வி. குடி முக்கியமான காரணம்தான், மறுக்கலை. ஆனால், குடிக்கே சம்பந்தமில்லாத இளைஞர்களுக்கும் வரும் ஒரு வகை தென்னிந்தியாவில் உண்டு. பெயர், வெப்பமண்டல கணைய அழற்சி. இந்தோனேசியாவில் இதை 1959-ல் ஜூய்டெமா பதிவுசெய்தார். கேரளாவில் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த டாக்டர் கீவர்கீஸ், 1968-ல் தனிப் புத்தகமே எழுதினார். சென்னையில் டாக்டர் வி.மோகன் குழு பல வருடங்களாக ஆராய்ந்துவருகிறது.

சின்ன வயசுல வயிற்றுவலி. அப்புறம் கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள். இருபதுகளில், முப்பதுகளில் சர்க்கரை. இதுதான் வழக்கமான பாதை. ஒல்லியான உடம்பு, சாப்பிட்டும் எடை குறைவது, எண்ணெய்ப் பிசுக்கோடு மிதக்கும் மலம்... இதெல்லாம் சேர்ந்திருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிடுங்க.

ஏன் வருது? ஒருகாலத்தில் மரவள்ளிக்கிழங்கு மேல் பழியைப் போட்டார்கள். ஆனால், அதை அதிகம் சாப்பிடாதவர்களுக்கும் வந்தது. கிழங்கே பிரதான உணவாக இருக்கும் பல ஆப்பிரிக்கப் பகுதிகளில் இந்த நோய் அரிதாக இருந்தது. பிறகு, கணையத்தைத் தன் நொதியே அரித்துவிடாமல் காக்கும் 'ஸ்பிங்க் 1' மரபணுவில் மாற்றம் பல நோயாளிகளிடம் தெரியவந்தது. ஆக, கிழங்கு பாவம்!

கற்கள் பெரும்பாலும் எக்ஸ்ரே, ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். செரிமானத்துக்கு நொதி கேப்ஸ்யூல் தருவார்கள். அதைச் சாப்பாட்டோடுதான் போடணும். வெறும் வயிற்றில் போட்டால் பிரயோஜனம் இல்லை. சர்க்கரைக்குப் பலருக்கு இன்சுலின் தேவைப்படும். பெரிய கல்லை, கிட்னி கல்லை உடைப்பதுபோல வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைத்து, எண்டோஸ்கோப்பி வழியே எடுக்கலாம். குழாய் வீங்கியிருந்தால், அதைத் திறந்து சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன் இருக்கிறது. ஆபரேஷனைக் கடைசிவரை தள்ளிப்போடுவதுதான் பலரது வழக்கம். ஆனால், சீக்கிரமே செய்துகொண்டவர்களுக்கு வலி குறைவு என்று 2020-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு சொல்கிறது.

வலி நின்றாலும் ஃபாலோ அப்பை விடாதீங்க. இந்த நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்று 1994-லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது. புகைபிடித்தால் ஆபத்து இன்னும் கூடும்.

முதலில் உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்குப் போங்க. தேவைப்பட்டால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் சென்னையில் ஸ்டான்லி அல்லது ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் குடல், இரைப்பைப் பிரிவு. பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துட்டுப் போங்க. திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே நிற்காத வாந்தி என்றால், ஓ.பி சீட்டுக்கு வரிசையில் நிற்காதீங்க, நேரா 108-க்குக் கூப்பிடுங்க.