ஊர் திரும்பியவர்கள்

கதையை ஆரம்பிப்பது சுலபம், முடிப்பதுதான் கஷ்டம். தொடர்கதை எழுதுகிற யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நடுவில் ஆயிரம் பிசகு செய்தாலும் வாசகர்கள் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவார்கள். கடைசி அத்தியாயத்தில் ஒரு பிசகு நேர்ந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது. "அந்தப் பெண்ணை ஏன் ஐயா சாகடித்தீர்?" என்று ஒரு கடிதம் வரும். "இத்தனைக்குப் பிறகும் அவளை ஏன் பிழைக்க வைத்தீர்?" என்று அதே தபாலில் இன்னொரு கடிதம் வரும். எழுதிய இருவருக்கும் கதை பிடித்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பிடிக்காதவர்கள் தபால் தலைக்குச் செலவு செய்வதில்லை.

இந்தக் கடைசி அத்தியாய ஜுரம் பல தேசங்களை ஒரே மாதத்தில் பிடித்து ஆட்டிய சரித்திரம் ஒன்று உண்டு. 2003-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி, நியூஸிலாந்தின் தலைநகரான வெல்லிங்டனில் அது ஆரம்பித்தது. அன்று அங்கே எம்பஸி தியேட்டரில் 'தி ரிடர்ன் ஆப் தி கிங்' என்ற படத்தின் முதல் காட்சி. நடிகர்களின் ஊர்வலத்தைப் பார்க்க ஒரு லட்சம் பேருக்கு மேல் வீதியில் கூடிவிட்டார்கள். அந்தச் சின்னத் தலைநகரத்துக்கு அது மகாமகக் கூட்டம். இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 16-ந் தேதி, அமெரிக்காவிலும் கனடாவிலும் சில தியேட்டர்களில் முதலிரண்டு பாகங்களின் நீண்ட பிரதிகளையும் மூன்றாம் பாகத்தையும் ஒரே நாளில் வரிசையாகக் காட்டினார்கள். இடைவேளைகளைக் கழித்தாலே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கதாபாத்திரங்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து ஜனங்கள் அதைப் பார்த்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொல்லாத மந்திர மோதிரம் ஒன்று இருக்கிறது. அதை அணிந்தவனுக்குப் பெரும் சக்தி வரும். நாளடைவில் அவனை அது விழுங்கிவிடும். எந்த எரிமலை நெருப்பில் அது வார்க்கப்பட்டதோ அந்த நெருப்பில் போட்டால்தான் அழியும். போட வேண்டியவன் பிரோடோ. வீரனுமல்ல, அரசகுமாரனுமல்ல. ஷயர் என்ற பச்சைப் பசேலென்ற நாட்டுப்புறத்தில், வேளைக்குச் சாப்பிட்டுத் தோட்டம் போட்டு வாழ்கிற குள்ள ஜாதியைச் சேர்ந்தவன். கூடவே போகிறவன் அவன் வீட்டுத் தோட்டக்காரன் ஸாம். இதை எழுதியவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் டோல்கீன். படமாக்கியவர் நியூஸிலாந்துக்காரரான பீட்டர் ஜாக்ஸன். மூன்று பாகங்களையும் ஒரே மூச்சில் பிடித்து, 2001, 2002, 2003 என்று வருஷத்துக்கு ஒன்றாக வெளியிட்டார்.

முடிவுக்காகக் காத்திருப்பது இந்தக் கதையின் ரசிகர்களுக்குப் பழகிப்போன விஷயம். புத்தகத்தின் முதல் பாகம் 1954 ஜூலையில் வந்தது. இரண்டாம் பாகம் அதே வருஷம் நவம்பரில் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் பிரோடோ உயிரோடு எதிரிகளின் கையில் சிக்கிக்கொள்கிறான். அத்தோடு புத்தகம் முடிந்துவிடுகிறது! மூன்றாம் பாகத்தின் அநுபந்தங்களைப் பேராசிரியர் நிதானமாகத் திருத்திக்கொண்டிருந்தார். 1955 அக்டோபர் 20-ந் தேதிதான் அது கடைக்கு வந்தது. பதினோரு மாதம் ஒரு கதாநாயகனைச் சிறையில் வைத்துவிட்டு வாசகனைத் தூங்கச் சொன்னால் எப்படித் தூங்குவான்? பொறுமை இழந்து பலர் கடிதம் எழுதினார்கள். மூன்றாம் பாகத்துக்கு 'மன்னன் மீட்சி' என்று பொருள்படும் பெயரை வைத்ததே டோல்கீனுக்குப் பிடிக்கவில்லை. மன்னன் மீளுவான் என்று அட்டையிலேயே சொல்லிவிட்டால் உள்ளே என்ன பாக்கி இருக்கிறது என்பது அவர் ஆட்சேபம்.

1978-ல் ரால்ப் பாக்ஷி என்பவர் இதைக் கார்ட்டூன் படமாக எடுத்தார். பாதிக் கதையோடு அது நின்றது. அவருடைய மறுபாதி வரவே இல்லை. இவ்வளவு காலம் காத்தவர்கள்தாம் 2003-ல் ஜாக்ஸனின் கடைசிப் படத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் சும்மா வரவில்லை. கையில் தராசோடு வந்தார்கள்.

படம் மூன்று மணி இருபத்தொரு நிமிஷம் ஓடியது. பார்த்தவர்கள் அழுதார்கள், கைதட்டினார்கள். மறுநாள் காலையில் சண்டையும் ஆரம்பித்துவிட்டது.

முதல் வழக்கு ஸாமைப் பற்றியது. மோதிரத்தின் பழைய அடிமையான கோல்லம் என்கிற ஜந்து கோள் மூட்டியதைக் கேட்டு, பிரோடோ ஸாமைப் பாதி வழியில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறான். புத்தகத்தில் இது கிடையாது. "ஸாமைச் சந்தேகிக்கிற பிரோடோ எங்கள் பிரோடோ அல்ல" என்று வாசகர்கள் கொதித்தார்கள். இரண்டாவது வழக்கு டெனதாரைப் பற்றியது. புத்தகத்தில் அவர் அறிவும் கம்பீரமும் உள்ள ஆட்சியாளர். விரக்தியால் நொறுங்கிப் போகிறவர். படத்தில், பெற்ற மகனைச் சாவுக்கு அனுப்பிவிட்டுச் சாறு வழிய வழியத் தக்காளி தின்கிறார். மூன்றாவது வழக்கு ஸாருமானைப் பற்றியது. இந்தக் கொடிய மந்திரவாதியாக நடித்தவர் கிறிஸ்டபர் லீ. டோல்கீனை நேரில் சந்தித்தவர். வருஷா வருஷம் அந்தப் புத்தகத்தைப் பாராயணம் போலப் படித்தவர். நீளம் கருதி அவர் காட்சிகள் முழுவதையும் கடைசிப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். மனம் நொந்து அவர் முதல் காட்சிக்கே போகவில்லை. வெட்டியதைத் திரும்பச் சேர்க்கும்படி ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2004 டிசம்பரில் வெளிவந்த நீண்ட பிரதியில்தான் அந்தக் காட்சிகள் சேர்ந்தன.

இவையெல்லாம் சில்லறை வழக்குகள். பெரிய வழக்கு முடிவைப் பற்றியது. அதில் இரண்டு கட்சிகள் இருந்தன.

மோதிரம் நெருப்பில் விழுந்து கதை தீர்ந்த பிறகும் படம் சுமார் இருபது நிமிஷம் ஓடுகிறது. திரை இருளும், ஜனங்கள் செருப்பைத் தேடுவார்கள், மறுபடி வெளிச்சம் வரும். நண்பர்கள் சந்திப்பார்கள். இருளும்; வெளிச்சம் வரும். பட்டாபிஷேகம், ஊர் திரும்புதல், ஸாமின் கல்யாணம், கப்பல் துறையில் பிரிவு. "எத்தனை முடிவு ஐயா ஒரு படத்துக்கு!" என்று புத்தகம் படிக்காத கட்சி கேலி செய்தது. படித்த கட்சியோ, "இருக்க வேண்டிய ஒரு முடிவு இல்லையே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டது. ஒரு கட்சிக்கு முடிவுகள் அதிகம். மறு கட்சிக்கு முடிவு குறைவு.

முதல் கட்சியின் குற்றச்சாட்டு புதிதல்ல. டோல்கீனே அதை எதிர்கொண்டவர். பல வருஷம் கழித்து ஸாம் தன் குழந்தைகளுக்குக் கதையைப் படித்துக் காட்டுவதாகவும், யார் யார் என்ன ஆனார்கள் என்று குழந்தைகள் கேட்பதாகவும் அவர் ஒரு பின்னுரை அத்தியாயம் எழுதியிருந்தார். கையெழுத்துப் பிரதியைப் படித்தவர்கள் வேண்டாம் என்றார்கள். அவரும் எடுத்துவிட்டார். 1992-ல்தான், அவர் மகன் பதிப்பித்த தொகுதியில், அது அச்சேறியது. கதையை விட்டுப் பிரிய அவருக்கே மனம் வரவில்லை பார்த்தீர்களா?

இரண்டாம் கட்சியின் வழக்கு ஆழமானது. மகாயுத்தத்தை ஜெயித்துவிட்டு நாலு குள்ளர்களும் ஊர் திரும்புகிறார்கள். ஊர் இல்லை! மரங்களை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பழைய மாவு மில் இருந்த இடத்தில் புதிய மில் ஆற்றை நாசமாக்குகிறது. ரௌடிகள் தானியத்தை வாரிக்கொண்டு போகிறார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் தோற்றோடிய ஸாருமான் இருக்கிறான். சொந்த ஊர் வாசலிலேயே மறுபடி சண்டை நடக்கிறது. பத்தொன்பது குள்ளர்கள் மாண்டுபோகிறார்கள். புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயமான இதை ஜாக்ஸன் படத்தில் சேர்க்கவில்லை. முதல் பாகத்தில் தீர்க்கதரிசனக் கண்ணாடி ஒன்றில் ஷயர் எரிவதாகக் காட்டினாரே, அதோடு சரி.

இந்த அத்தியாயத்துக்காக வாசகர்கள் ஏன் இவ்வளவு துடித்தார்கள்? டோல்கீன் 1916-ல் பிரான்ஸில் ஸோம் யுத்தத்தில் இருந்தவர். அகழியில் ஜுரம் கண்டு இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தார். 1918-க்குள் தம் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் மாண்டுவிட்டதாகப் புத்தகத்தின் மறுபதிப்பு முன்னுரையில் எழுதியிருக்கிறார். தம் பால்ய கிராமப்புறம், தமக்குப் பத்து வயது ஆவதற்குள்ளேயே சீரழிக்கப்பட்டு வந்தது என்றும் அதே முன்னுரையில் சொல்கிறார். ஜெயித்துத் திரும்பினாலும் பழைய ஊர் கிடைப்பதில்லை என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். கம்பர் பட்டாபிஷேகத்தோடு நிறுத்திக்கொண்டார். டோல்கீனால் நிறுத்த முடியவில்லை.

ஆகவே ஜாக்ஸன் துரோகம் செய்துவிட்டாரா? தீர்ப்புச் சொல்லுமுன் படத்தில் ஒரு காட்சியை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நாலு குள்ளர்களும் ஊர்ச் சாராயக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் பழையபடியே இருக்கிறது. யாருக்கும் எதுவும் தெரியாது. யாரோ ஒருவன் கொண்டுவந்த பெரிய பூசணிக்காயைப் பற்றித்தான் கடையில் அக்கறை. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வார்த்தை இல்லை. கோப்பையை உயர்த்திக் குடிக்கிறார்கள், அவ்வளவுதான். புத்தகத்தில் ஊர் மாறிவிட்டது. படத்தில் ஊர் மாறவில்லை, திரும்பியவர்கள் மாறிவிட்டார்கள். இரண்டிலும் வீடு கைவிட்டுப் போகிறது. எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யுத்தத்திலிருந்து திரும்பி, அடுப்படிப் பேச்சுகளுக்கு நடுவே வாய் பேசாமல் உட்கார்ந்திருக்கும் எந்த மனிதனுக்கும் அந்தப் பூசணிக்காய் புரியும்.

பிரோடோவின் காயம் கடைசி வரை ஆறவில்லை. கத்திக் குத்துப்பட்ட அதே தேதியில் வருஷா வருஷம் வலிக்கிறது. உலகத்தைக் காப்பாற்றியவன் அதில் வாழ முடியாமல் கப்பலேறிப் போகிறான். அவனைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு ஸாம் வீடு திரும்புகிறான். மனைவியும் குழந்தைகளும் காத்திருக்கிறார்கள். படமும் புத்தகமும் ஒரே வாசற்படியில்தான் முடிகின்றன. கேலி செய்தவர்கள் இதற்குள் எழுந்து போயிருந்தால் நஷ்டம் அவர்களுடையது.

2004 பிப்ரவரி 29-ந் தேதி அந்தப் படம் போட்டியிட்ட பதினொரு ஆஸ்கார் பரிசுகளில் பதினொன்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. மாயாஜாலக் கதை ஒன்று சிறந்த படம் என்ற பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை. வழக்குகள் அத்தோடு தீர்ந்தனவா என்றால், இல்லை. டோல்கீனின் மகன் கிறிஸ்டபர், 2012-ல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில், இந்தப் படங்கள் தம் தகப்பனாரின் நூலைக் குடலை உருவிப் போட்டுவிட்டதாகக் கசந்து பேசினார்.

படம் வந்த சமயத்தில் வேல்ஸ் நாட்டு அபரிஸ்ட்வித் சர்வகலாசாலையின் தலைமையில் பல தேசத்து ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து ஏறக்குறைய 25,000 ரசிகர்களின் அபிப்பிராயத்தைத் திரட்டினார்கள். இதை எந்த வகைக் கதை என்று சொல்வீர்கள் என்று ஒரு கேள்வி. யுத்தக் கதை, தேவதைக் கதை, மாயாஜாலம் என்று பல பதில்களைக் கொடுத்துப் பொறுக்கச் சொன்னார்கள். ஆத்ம யாத்திரை என்பதைப் பொறுக்கியவர்களிடம் திருப்தி மிகுதியாகக் காணப்பட்டது. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. யாத்திரை போனவன் ஊர் திரும்பும்போது பழைய ஆளாக இருப்பதில்லை என்பதை அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

மற்றவர்கள் ஒரு சில காட்சிகளுக்காக இன்னமும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். செத்துப்போன கதைக்காக யாரும் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுவதில்லை. அந்தச் சண்டை ஓயாமல் இருக்கிற வரையில் பிரோடோவுக்கு ஒரு ஊர் இருக்கிறது.