பெரிய தோல், சின்னத் தோல்

1970களின் கடைசியில் ஆம்பூரில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். விலங்குகளை வகை பிரித்து எழுதச் சொன்னேன். நான் எதிர்பார்த்தது வீட்டு விலங்கு, காட்டு விலங்கு. தோல் பதனிடும் கம்பெனியில் வேலை செய்தவரின் மகன் மாட்டையும் எருமையையும் ஒரு பக்கம், வெள்ளாட்டையும் செம்மறியையும் மறுபக்கம் எழுதியிருந்தான். ஏன் என்றேன். "அது பெரிய தோல், இது சின்னத் தோல் சார்" என்றான். தப்பு என்று சிவப்பு மையில் போட்டேன்.

பல வருடம் கழித்துத் தொல்காப்பிய மரபியலை நிதானமாகப் படித்தேன். அதில் உயிர்கள் அறிவை வைத்துப் பிரிக்கப்படுகின்றன. புல்லுக்கும் மரத்துக்கும் தொடு உணர்வு மட்டும், அதனால் ஓரறிவு. நத்தைக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கும் கறையானுக்கும் மோப்பமும் உண்டு, மூன்று. நண்டுக்கும் தும்பிக்கும் பார்வையோடு நான்கு. விலங்குக்குச் செவியோடு ஐந்து. மனம் கொண்ட மனிதனுக்கு ஆறு.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வேறு அளவுகோல் எடுத்தார். பால் கொடுப்பவை என்று ஒரு வகுப்பு அமைத்து, அதுவரை மீன்களோடு வைத்திருந்த திமிங்கிலத்தை அதில் சேர்த்தார்.

தொல்காப்பியர் புலனைப் பார்த்தார், லின்னேயஸ் பாலைப் பார்த்தார், அந்தப் பையன் அப்பாவின் தொழிலைப் பார்த்தான். தோல் வியாபாரமே அப்படித்தான் பிரிக்கிறது. "எதை வைத்துப் பிரித்தாய்?" என்று கேட்டுப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கியிருக்கலாம்.

அவனுக்கு இப்போது ஐம்பது தாண்டியிருக்கும். ஒரு மதிப்பெண் பாக்கி வைத்திருக்கிறேன்.