காரைப் பிரிந்த ரிம்கள்: சிங்கப்பூரில் பழைய ஆலைச் சக்கரங்கள் அருகிய வரலாறு

சிங்கப்பூரில் ஃபோர்டு நிறுவனத்தின் கதை சக்கரம் பூட்டுவதில்தான் தொடங்கியது. 1926-இல் பதிவான மலாயா ஃபோர்டு நிறுவனம், எங்கோர் தெருவில் ஓர் இரண்டு மாடிப் பட்டறையில், கப்பலில் வந்திறங்கிய கார்களுக்குச் சக்கரம் மாட்டி விற்பனைக்கு அனுப்பியது. 1941 அக்டோபரில் புக்கிட் தீமாவில் திறந்த அதன் தொழிற்சாலைதான் தென்கிழக்காசியாவின் முதல் கார் இணைப்பு ஆலை. நான்கே மாதத்தில், 1942 பிப்ரவரி 15 அன்று, பிரிட்டிஷ் படை அந்தக் கட்டடத்தில்தான் ஜப்பானியரிடம் சரணடைந்தது. இன்று அங்கே போகிறவர்கள் அந்தச் சரணடைவை நினைத்துத்தான் போகிறார்கள். 1980-இல் ஆலை மூடப்பட்டதோடு இந்த ஊரின் கார்த் தொழிலில் ஒரு காலம் முடிந்ததை நினைப்பவர்கள் குறைவு.

ஆலையிலிருந்து வெளிவரும்போது கார் எந்த ரிம்மோடு வந்ததோ அதையே இக்கட்டுரையில் ஆலை ரிம் என்கிறேன். அறுபது, எழுபதுகளில் இங்கு சாதாரணமாக ஓடிய கார்களின் ஆலை ரிம்கள் இன்று ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டன? துரு என்பார்கள், வயது என்பார்கள். என் முடிவு வேறு. காருக்கு ஆயுள் குறித்த சட்டமே ரிம்மின் ஆயுளையும் குறித்தது.

ரோஸ்டைல் என்ற ஒரே ஒரு ரிம்மை எடுத்துக்கொள்வோம். அறுபதுகளில் அமெரிக்காவின் மஸல் கார்கள் பலவற்றில், டாட்ஜ், பிளிமத், ஃபோர்டு, செவர்லே என்று நிறுவன வேறுபாடில்லாமல், மேக்னம் 500 என்ற ஐந்து கை எஃகு ரிம் மாட்டப்பட்டது. செய்தது மிச்சிகனில் இருந்த மோட்டார் வீல் நிறுவனம். அதே வடிவமைப்பை உரிமம் பெற்று இங்கிலாந்தின் ரூபரி ஓவன் நிறுவனம் செய்து ரோஸ்டைல் என்று பெயரிட்டது. ஃபோர்டு கோர்ட்டினா 1600ஈ காரில் 1967 முதலும், எம்ஜிபி காரில் அந்தப் பத்தாண்டின் இறுதியிலும் அது ஏறியது. எஞ்சின் கொள்ளளவு கூடக் கூடச் சாலை வரியும் கூடும் இந்த ஊருக்கு, இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட ராட்சத அமெரிக்கக் கார்கள் பொருந்தவில்லை. அவற்றின் சக்கர அழகை நமக்குக் கொண்டுவந்தவை பிரிட்டிஷ் கார்களே.

இரண்டும் ரோஸ்டைல்தானே என்று ஒன்றின் ரிம்மை இன்னொன்றில் மாட்ட முடியாது. எம்ஜிபியின் ரிம் 14 அங்குலம், நான்கு போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீட்டர். கோர்ட்டினாவுக்கு 13 அங்குலம், 108 மில்லிமீட்டர். இந்த 6.3 மில்லிமீட்டர் வேறுபாட்டால்தான் கடையில் கிடைக்கும் ஒரு நல்ல ரிம்கூடத் தேடுகிறவருக்குப் பயன்படாமல் போகிறது. அதைக் கவிழ்த்துப் பார்த்தால், நடுத்தகடும் வளையமும் சேரும் பற்றவைப்பு ஓரத்தில்தான் துரு முதலில் கட்டியிருக்கும். முன்பக்கம் பள்ளங்களில் கருப்பு, மேடுகளில் வெள்ளி மினுப்பு. பட்டறையில் மறுவண்ணம் பூசுகிறவர்கள் பெரும்பாலும் முழுவதையும் வெள்ளியாக்கிவிடுவார்கள். கருப்பு முடிந்து வெள்ளி தொடங்கும் கோடு அழிந்துவிட்டால், ரிம் இருந்தும் ரோஸ்டைல் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1975 டிசம்பரில் கூடுதல் பதிவுக் கட்டணம் காரின் மதிப்பில் 100 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அதோடு, பழைய காரை ஒழித்துப் புதிய கார் வாங்குவோருக்குக் கட்டணச் சலுகையும் வந்தது. 1990 மே மாதத்தில் வாகன உரிமைச் சான்றிதழ் வந்தது, பத்தாண்டு ஆயுளோடு. பத்தாண்டு முடிந்து சான்றிதழைப் புதுப்பித்தால் அந்தச் சலுகைப் பணம் கிடைக்காது. சாலை வரியும் ஆண்டுதோறும் ஏறி, பதினான்கு ஆண்டைத் தாண்டினால் 50 விழுக்காடு கூடுதலாகிறது. பதிவு நீக்கிய காரை உடைக்க வேண்டும் அல்லது வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். கார் போகும்போது நான்கு ரிம்மும், பின்பெட்டியில் கிடக்கும் ஐந்தாவதும் அதோடு போய்விடும்.

சென்னையில் நடந்தது இதற்கு நேர்மாறு. புதுப்பேட்டையில் பழைய கார் வந்தால் கதவு, விளக்கு, ரிம் என்று பிரிந்து ஒவ்வொன்றும் வேறொரு காருக்குப் போகும். சிங்கப்பூரில் டாக்சியாக ஓடிய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த அம்பாசடர், இந்தியாவில் 2014 வரை ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அப்படியானால் சிங்கப்பூரில் மிஞ்சிய சில எப்படி மிஞ்சின? என் கணிப்பு இது: ஸ்போர்ட்ஸ் ரிம் மோகம்தான் அவற்றைக் காப்பாற்றியது. அலாய் ரிம் மாட்ட ஆசைப்பட்டவர் கழற்றிய ஆலை ரிம்மை வீட்டில் போட்டுவைத்தார். காரோடு இருந்தவை காரோடு உடைபட்டன. முன்பே கழற்றப்பட்டவை ஜாலான் புசார் வட்டாரத்து உதிரிபாகக் கடைகளுக்கும், தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய சுங்கை ரோட்டின் பழம்பொருள் சந்தைக்கும் வந்து சேர்ந்தன. முப்பதுகளில் தோன்றிய அந்தச் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. அங்கே தரையில் விரித்த துணியில் எது கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடிந்ததில்லை. தேடுகிறவருக்கு அந்த நிச்சயமின்மையே பெரிய வசதியாக இருந்தது. இணையத்தில் பெயர் தெரிந்த பொருளைத்தான் எளிதாகத் தேட முடியும். பெயர் தெரியாத ரிம்மைக் கையில் எடுத்துப் பார்த்து அடையாளம் காண இந்த வட்டாரத்தில் இருந்த நல்ல இடம் அது.

கிளாசிக் வாகனத் திட்டத்தில் 35 ஆண்டு கடந்த கார்களை ஆண்டுக்கு 45 நாள் ஓட்ட நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிக்கிறது. கார் பிழைக்க இது வழி. ரிம்முக்கு அப்படி எந்தத் திட்டமும் இல்லை. வீவக வீட்டில் நான்கு ரிம்முக்கு இடம் என்றால் அது பெரும்பாலும் பாம்ப் ஷெல்டர்தான். வீடு மாறும்போது முதலில் வெளியேறுவதும் அந்த ரிம்கள்தான்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ கழற்றி வைத்த பழைய ரிம் வீட்டில் இருந்தால், காராங் குனிக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் பின்பக்கத்தைத் துடைத்து, அச்சிட்டிருக்கும் அளவையும் முத்திரையையும் படமெடுங்கள். எந்தக் காரில் இருந்தது, எந்த ஆண்டு கழற்றினார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள்.