காற்றே குளிர்விக்கும் எந்திரம்

தாம்பரம் விமானப்படைத் தளத்திற்கு 1954ஆம் ஆண்டில் விமானப் பயிற்றாசிரியர் பள்ளி வந்தது. அங்கே முன்னாளில் பறந்த விமானங்களுள் ஒன்று எச்.டி.-2. டாக்டர் வி. எம். காட்கேயின் தலைமையில் பெங்களூரில் உருவாகி, 1951இல் முதன்முதலாக வானேறியது அது.

அதன் சிரஸ் மேஜர் எந்திரம் 155 குதிரைத்திறன் உடையது. நான்கு உருளைகளும் தலைகீழாக அமைந்தமையால், விமானியின் முன்பார்வை அதிகம் மறைவதில்லை. மோட்டார் வண்டிக்கு உள்ளதுபோன்ற நீர்த்தொட்டி அதற்கு இல்லை. உருளைகளைச் சுற்றியுள்ள மெல்லிய உலோகத் தகடுகள் வெப்பத்தை ஏற்று, எதிர்வரும் காற்றில் கலந்துவிடும். இதனால் எடை குறைந்தது. நடுவானில் நீர் ஒழுகி எந்திரம் நின்றுவிடுமோ என்ற அச்சமும் ஒழிந்தது.

ஆயினும் ஒரு குறை உண்டு. விமானம் நம்முடையது, எந்திரமோ இங்கிலாந்து நாட்டுப் படைப்பு. கருவியை இயக்கக் கற்பது பாதிக் கல்வி. ஆக்கக் கற்பதே முழுக் கல்வி.