அரசுப் புள்ளிவிவரங்களும் பொதுமக்களும் (இந்தியா)

இந்தியாவில் அரசுக் கணக்குகள் ஆட்சி நடத்தவே திரட்டப்பட்டன. குடிமக்களும் அவற்றைக் கேட்டுப் பெறலாம் என்பது வெகுகாலம் கழித்தே சட்டமானது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1872இல் தொடங்கியது. நாடு முழுவதும் ஒரே சமயத்தில் நடந்த முதல் கணக்கெடுப்பு 1881இல் நடந்தது. கணக்கெடுப்பு முடிவுகளை அச்சிட்ட தடித்த ஆங்கிலத் தொகுதிகள், பெரிய நூலகங்களுக்குப் போய்ப் புரட்டத் தெரிந்தவர்களுக்கே பயன்பட்டன.

1948ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் தனிமனிதர் தந்த விவரங்களை ரகசியமாக்கியது. மொத்தக் கணக்குகள் மட்டும் வெளியே வரலாம். 1951 கணக்கெடுப்பில் அறிமுகமான மாவட்டக் கையேடுகளே உள்ளூர்க்காரர் தம் ஊரைத் தேடிப் பார்க்கத் தக்க முதல் வெளியீடுகள் எனலாம். கிராமத்துக்கு ஒரு வரி: எத்தனை பேர், எழுதப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், பிந்தைய பதிப்புகளில் பள்ளி, குடிநீர், பேருந்து வசதியும் சேர்ந்தன.

1950இல் பி. சி. மகலனோபிஸ் முயற்சியால் உருவான தேசிய மாதிரி ஆய்வின் கதை வேறு. அதன் அறிக்கைகள் வெளிவந்தன. அவற்றுக்கு அடிப்படையான, வீடு வீடாகப் பதிந்த தரவு துறைக்குள்ளேயே இருந்தது. அரசு தேர்ந்தெடுத்த அட்டவணைக்கு அப்பால் ஒரு கேள்வி எழுந்தால் விடை காண வழியில்லை. 1999இல் அறிவித்த கொள்கைதான் பெயர், முகவரி நீக்கிய அந்தத் தரவைக் கட்டணத்துக்குத் தந்தது; கட்டணம் பின்னர் நீங்கியது. ஆனாலும் கோப்பைத் திறந்தால் இடைவெளியே இல்லாமல் ஓடும் எண்வரிசைதான். எத்தனையாவது இலக்கம் வயது, எது தொழில் என்று காட்டும் குறிப்பு இல்லாமல் ஒன்றும் விளங்காது.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில், யாரும் கேட்காமலே தகவலை வெளியிடும் கடமையை அரசு அலுவலகங்களுக்கு விதித்தது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் அதையொட்டி டேட்டா.கவ்.இன் தளமும் வந்தன. கணினி படிக்கும் வடிவில் தர வேண்டும் என்பது கொள்கை. நடப்பில் பல துறைகள் அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டன. பயன்படுத்துபவர் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான். புள்ளியியல் அமைச்சகம் 2024 ஜூன் 29 அன்று தொடங்கிய இ-சாங்கியகி தளம் இந்தக் குறையைத் தன் அளவில் குறைக்கிறது.

வடிவத்தைவிடப் பெரிய தடை, வெளியிடும் முடிவு அரசின் கையில் இருப்பது. 2017-18 வேலைவாய்ப்பு ஆய்வின் அறிக்கை வெளியாவது தாமதமானதை அடுத்து 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் இரு உறுப்பினர்கள் விலகினர். 6.1 சதவீத வேலையின்மையைக் காட்டிய அவ்வறிக்கை மே இறுதியில், மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகே வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளைத் தரக் குறைபாடு கூறி வெளியிடப்போவதில்லை என அரசு அறிவித்தது.

2021இல் முடிந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் 2011 எண்களே இன்னும் புழக்கத்தில் உள்ளன. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. 2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசியின் மக்கள்தொகை வேண்டுமென்றால் பழைய திருநெல்வேலி அட்டவணையிலிருந்துதான் கூட்டியெடுக்க வேண்டும். இடையில் வட்டங்களும் பிரிந்ததால், கிராமம் கிராமமாக. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பில்தான் தென்காசிக்குத் தனி வரி கிடைக்கும்.