யானை இல்லாத யானைத் தீவு

பம்பாய்க்குப் போகிறவர்கள் ஒரு நாளாவது எலிபெண்டாத் தீவுக்குப் போய் வர வேண்டும் என்பது எழுதாத சட்டம். "மும்பை என்று சொல்லுங்கள், மாமா" என்று என் சகோதரி மகன் திருத்துகிறான். 1995-இல் மாறிய பெயர். என் நாக்கு இன்னும் மாறவில்லை. வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

மாதுங்காவில் அவன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். ஒன்பதாம் நாள் காலையில், "தனியாகப் போனால் நீங்கள் ஏதாவது தூணைப் பார்த்துக்கொண்டே நின்று கடைசிப் படகை விட்டுவிடுவீர்கள்" என்று சொல்லி, வழிகாட்டியோடு போகும் ஒரு கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிட்டான். பன்னிரண்டு பேர் இருந்தோம். நாசிக்கிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. நாகபுரியிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். தாய் தந்தையரோடு ஒரு பத்து வயதுப் பெண். மற்றவர்களைப் பற்றிச் சொல்வதற்கு விசேஷமாக ஒன்றுமில்லை. வழிகாட்டிக்கு நாற்பது வயதிருக்கும். தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். காலைப் படகில் வந்து எங்களை அழைத்துக்கொண்டு திரும்பினார். மாலையில் எங்களோடு வரமாட்டார்; அவர் வீடு அங்கேதான்.

படகு, 'கேட்வே ஆப் இந்தியா' என்ற அந்தப் பெரிய வளைவின் காலடியிலிருந்து புறப்படுகிறது. 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் ஞாபகமாக எழுப்பியது. கட்டி முடிக்க 1924 ஆயிற்று. 1948-இல் கடைசி பிரிட்டிஷ் பட்டாளம் அதன் வழியாகவே கப்பலேறிப் போயிற்று. வாசல் என்றால் இரண்டு பக்கமும் உபயோகம் உண்டு.

மேல் தட்டில் உட்காரத் தனியாகக் காசு. கொடுத்தேன். கடற்காற்றுக்குக் காசு வாங்கும் ஊர் என்று வருத்தப்பட்டுக்கொண்டேதான் கொடுத்தேன், ஆனால் நஷ்டமில்லை. கடற்படைக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள், நொறுக்குத் தீனிக்காகக் கூடவே பறந்து வரும் நீர்ப்பறவைகள் என்று பார்த்துக்கொண்டு வந்ததில் பத்து கிலோமீட்டர் கடல் ஒரு மணி நேரத்தில் கழிந்துவிட்டது.

தீவின் சொந்தப் பெயர் காராபுரி. போர்த்துக்கீசியர் வந்தபோது கரையருகே கல்லில் செதுக்கிய ஒரு பெரிய யானை நின்றிருந்தது. அதைப் பார்த்து 'எலிபெண்டா' என்று அவர்கள் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. அந்த யானை எங்கே என்று சிறு பெண் கேட்டாள். "பம்பாயில் இருக்கிறது!" என்றார் வழிகாட்டி. எல்லாரும் சிரித்தோம். ஆனால் உண்மை அதுதான். 1814-இல் யானையின் தலையும் கழுத்தும் உடைந்து விழுந்தன. 1864-இல் மிச்சத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு போகலாமென்று தூக்கப் பார்த்தார்கள். தூக்கும்போது விழுந்து துண்டு துண்டாயிற்று. துண்டுகளை விக்டோரியாத் தோட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். 1914-இல் யாரோ புண்ணியவான்கள் அவற்றை ஒட்டி நிறுத்தினார்கள். இன்று ராணி பாக் என்று ஜனங்கள் சொல்லும் அந்தத் தோட்டத்தில், மியூசியத்தின் பக்கத்தில் அது நிற்கிறது. பெயர் தீவில், யானை நகரத்தில்.

படகுத் துறையிலிருந்து ஒரு பொம்மை ரயில். பிறகு ஏறக்குறைய நூற்றிருபது படிகள். இரண்டு பக்கமும் மணிமாலைக் கடைகள், குரங்குகள். முடியாதவர்களைத் தூக்கிச் செல்ல நாற்காலி டோலியும் உண்டு. டோலிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். அந்தப் பார்வைக்காகவே நான் நடந்து ஏறினேன்.

குகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையின் மேற்புறத்தைத் தொடாமல் உள்ளுக்குள்ளே குடைந்திருக்கிறார்கள். வடக்கு வாசலிலிருந்து பின் சுவர் வரையில் 130 அடி இருக்கும். பூசணி மாதிரி தலை வைத்த தூண்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மூன்று பக்கமும் திறப்பு இருப்பதால் வெளிச்சம் ஒரே பக்கமாக விழாமல் தூண்களுக்கிடையே கசிந்து வருகிறது. உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. பிறகு பின் சுவரின் இருட்டிலிருந்து மூன்று முகங்கள் மெல்ல மெல்ல முன்னால் வருகின்றன.

அதன் உயரம் ஏறக்குறைய 18 அடி. நடுமுகம் கண்ணை மூடி இருக்கிறது. அந்த அமைதியைப் பற்றி எழுதாதவர் இல்லை. நான் எழுதி அதில் சேர்க்கப் போவது ஒன்றுமில்லை. நமக்கு இடது பக்கம் சினந்த முகம், மீசையோடு. வலது பக்கம் பெண்மை நிறைந்த முகம். பிரம்மா, விஷ்ணு, சிவன் என்ற திரிமூர்த்தி என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 1949-இல் சுதந்திர இந்தியா வெளியிட்ட ஒன்பது பை தபால் தலையில்கூட இந்த உருவம் திரிமூர்த்தி என்ற பெயரோடுதான் வந்தது. இது சிவபெருமான் ஒருவருடைய முகங்களே, மகேச மூர்த்தி, என்று ஆகமங்களைக் கொண்டு காட்டியவர் டி. ஏ. கோபிநாத ராவ். திருவாங்கூர் சமஸ்தானத்தின் தொல்பொருள் இலாகாவில் இருந்தவர். ஹிந்து விக்கிரகங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1914-க்கும் 1916-க்கும் இடையில் சென்னையில் அச்சாயிற்று. தென்னாட்டுக் கோயில்களில் பழகிய கண் பம்பாய்க் குகைக்கு உதவியது.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது கல்யாண சுந்தரர். பார்வதி தலை குனிந்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நிற்கும் தகப்பனார், 'போ அம்மா' என்பதுபோல மெதுவாக முன்னே தள்ளுகிறார். பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு அந்தக் கையின் தயக்கம் தெரியும். நாகபுரி ஆசிரியை அங்கே வெகுநேரம் நின்றார். சிவனுடைய கைகள் ஒடிந்திருக்கின்றன. பல சிற்பங்களில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. போர்த்துக்கீசிய சிப்பாய்கள் எதிரொலி கேட்பதற்காகத் துப்பாக்கி சுட்டார்கள் என்றார் வழிகாட்டி. வெள்ளைக்காரர்கள் மட்டும் என்ன? 1875-இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது இந்தக் குகைக்குள்ளேயே மேஜை போட்டு விருந்து வைத்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சிறு பெண் கேட்டாள்: "இதையெல்லாம் யார் செய்தார்கள்?"

வழிகாட்டி சற்றும் தயங்கவில்லை. "பஞ்ச பாண்டவர்கள்! வனவாசத்தில் ஒரே ராத்திரியில் குடைந்தார்கள். பொழுது விடிந்துவிட்டதால் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள்."

பெண் திருப்தியாகத் தலையாட்டினாள். நாசிக் தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இந்தக் குகையில் குடைந்தவன் பெயர் இல்லை. குடையச் சொன்னவன் பெயரும் இல்லை.

ஆனால் ஒரு காலத்தில் இருந்தது போலிருக்கிறது. 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷா வசாயையும் அதைச் சேர்ந்த தீவுகளையும் போர்த்துக்கீசியருக்குக் கொடுத்தார். அவர்கள் வந்து பார்த்தபோது வாசலுக்கு மேலே ஒரு கல் இருந்தது. பெரிய பெரிய எழுத்துக்களாக நன்றாகவே எழுதியிருந்தது. இதைச் சொல்பவர் தியோகோ தோ கூத்தோ என்ற போர்த்துக்கீசிய சரித்திரக்காரர். அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். அதைப் படிக்க ஹிந்துக்களிலும் முஸ்லிம்களிலும் ஆள் தேடினார் கவர்னர். கிடைக்கவில்லை. கப்பலேற்றி மூன்றாம் ஜான் மன்னருக்கு அனுப்பினார்கள். மன்னரும் தம்மாலானதைச் செய்து பார்த்தார். ஒருவராலும் முடியவில்லை. இப்போது கல் இருக்குமிடமே தெரியவில்லை என்று முடிக்கிறார் கூத்தோ. அவர் எழுதியது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பின்னால் 1755-இல் பூகம்பமும் கடலும் தீயும் சேர்ந்து லிஸ்பன் அரண்மனையை அழித்தன. அதற்கு முன்பே தொலைந்த கல் அதற்குப் பிறகு கிடைக்குமா?

அவசரப்பட்டு அவர்களை மட்டும் திட்டிவிட வேண்டாம். எழுதியது நம்மவர், எழுத்தை மறந்ததும் நம்மவர்தான். ஆயிரம் வருஷத்தில் அந்த லிபியைப் படிக்க இந்த நாட்டில் ஆள் இல்லாமல் போய்விட்டது. கிட்டத்தட்ட அதே காலத்து எழுத்தில் இருந்த ஒரு பீகார்க் குகைச் சாசனத்தை 1785-இல் சார்லஸ் வில்கின்ஸ் படித்தார். 1837-இல் ஜேம்ஸ் பிரின்ஸெப் அசோகருடைய எழுத்தையே படித்துவிட்டார். கல் மட்டும் வாசலிலேயே இன்னும் இருநூற்றைம்பது வருஷம் பொறுத்திருந்தால், யாராவது ஓர் ஆராய்ச்சியாளர் ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்திருப்பார். யாரும் படிக்க முடியாத காலத்தில் எடுத்தார்கள். படிக்க முடிந்த காலத்தில் கல் இல்லை.

மிச்சமெல்லாம் ஊகம். கலசூரி வம்சத்துக் கிருஷ்ணராஜன் காலத்துச் சிறு செப்புக் காசுகள் தீவில் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவன் சிவபக்தன். ஆகவே ஆறாம் நூற்றாண்டின் நடுவில் அவன் காலத்தில் குடைந்தது என்று இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். காசுகள் வேலைக்காரர்களுக்குக் கொடுத்த கூலியாயிருக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அந்த ஊகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அரசன் பெயர் போனாலும் கூலி கொடுத்த சில்லறை மிஞ்சியது! இன்னொரு செய்தியும் உண்டு. தமிழ் நாவல் வாசகர்களுக்குப் புலிகேசியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவன் கொங்கணத்து மௌரியரை வென்று, மேலைக் கடலின் லட்சுமியாக விளங்கிய புரி என்ற நகரைக் கப்பல்களால் முற்றுகையிட்டான் என்று 634-ஆம் வருஷத்து ஐஹொளேக் கல்வெட்டு கூறுகிறது. அந்தப் புரி இந்தக் காராபுரிதான் என்பது சிலர் அபிப்பிராயம்.

அதே புலிகேசியோடு மோதிய நம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு சிறிய குகை குடைந்தான். எலிபெண்டாவின் மூலையில் வைத்தால் காணாமல் போய்விடும். ஆனால் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் விசித்திரசித்தன் செய்த வீடு இது என்று கல்லிலேயே எழுதி வைத்தான். எழுத்து இன்றும் அங்கேயே இருக்கிறது.

இதை எழுதும்போது எங்கள் ஊர்ச் சிவன் கோயில் ஞாபகம் வருகிறது. தெற்குச் சுவர் முழுவதும் எழுத்து. சிறுவனாயிருந்தபோது பிரதட்சிணம் வருகையில் அந்தப் பள்ளங்களில் விரலை ஓட்டிக்கொண்டே போவேன். புதையல் இருக்குமிடம் எழுதியிருக்கிறது என்பாள் பாட்டி. பிறகு ஒரு கும்பாபிஷேகம் வந்தது. சுவரைச் சுத்தமாகத் தேய்த்து வழவழவென்று பூசி வர்ணமும் அடித்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நானும் நன்கொடை கொடுத்தவன். அங்கே என்ன எழுதியிருந்தது என்று இன்று கேட்டால் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

மாலையில் மற்றவர்கள் கடைகளில் பேரம் பேசிக்கொண்டிருக்க, வழிகாட்டியும் நானும் படகுத் துறையில் உட்கார்ந்தோம். "பாண்டவர் கதையை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கிருஷ்ணராஜன் என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன், சாகேப். 'யார் அது?' என்பார்கள். பிறகு 'நிச்சயமாகத் தெரியாது' என்று சொல்ல வேண்டும். தெரியாது என்பவனுக்கு யார் பணம் கொடுப்பார்கள்? பாண்டவர்களை எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. பெயர் தெரியாத இடத்திலெல்லாம் கதை வைத்து நிரப்பி, அதற்குப் பணமும் வாங்கி, நாற்பது வருஷமாகப் பிழைக்கிறவன் நான். போதாததற்கு, கூத்தோவுக்கும் அந்தக் காலத்தில் யாரோ கதை சொல்லியிருக்கிறார்கள். பாண்டவர்களுக்குப் பதில் பாணாசுரன். தீவில் வழிகாட்டித் தொழிலுக்கு நானூறு வயது.

லிஸ்பனுக்குப் போன கல்லைப் பற்றிச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதில்லை. வெகுநேரம் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தீவுக்குக் கடலடிக் கம்பி வழியாக மின்சாரம் வந்தது 2018-இல்தான். அதற்கு முன்பு மாலையில் சில மணி நேரம் டீசல் ஜெனரேட்டர் ஓடும். அது நின்றதும் இருட்டில் உட்கார்ந்து பம்பாயின் விளக்குகளைப் பார்ப்போம் என்றார். வெளியூர்க்காரர் இரவில் தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு மணியடித்தது.

நான் ஏறின பிறகு அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "அந்தக் கல் எவ்வளவு பெரிது, சாகேப்? எழுதியிருக்கிறதா?" என்றார்.

"அளவு எழுதவில்லை" என்றேன்.

"வாசலுக்கு மேலே என்றால் பெரிதாகத்தான் இருக்கும்" என்றார். "உங்கள் ஊர்க்காரர் யாராவது அந்த லிஸ்பனுக்குப் போனால் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்."