மேடை ஜோக் எப்போது வழக்காகிறது?

மைக் ஒன்று, ஆள் ஒருவர். வேடமும் இல்லை, துணை நடிகரும் இல்லை. ஸ்டேண்ட்-அப் காமெடி என்பது இவ்வளவுதான். கல்யாண விருந்திலும் தீபாவளிக் கலைநிகழ்ச்சியிலும் இதைச் செய்து பார்க்க ஆசைப்படும் கெடா இளையோர், அரசியலையும் சமயத்தையும் தொடும் ஜோக்கின் மீது எந்தச் சட்டம் பாயும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கலை நமக்குப் புதிதல்ல. தெருக்கூத்தின் கட்டியங்காரன் ராஜாவை அறிமுகம் செய்துகொண்டே ராஜாவைக் கிண்டலடிப்பான். கதையை நிறுத்திவிட்டு ஊர் விவகாரத்தையும் இழுப்பான். அவனுக்கு அந்த உரிமை உண்டு. எம்.ஆர். ராதாவுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவருடைய இராமாயண நாடகம் கிளப்பிய எதிர்ப்புக்குப் பின், நாடகங்களைக் கட்டுப்படுத்த 1954இல் சென்னை மாநில அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

நம் நாட்டில் முதலில் கவனிக்க வேண்டியது குற்றவியல் சட்டத்தின் 298ஆவது பிரிவு. பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்துடன் பேசினால் ஓராண்டு வரை சிறை. சமயத்தின் பேரால் பகைமை மூட்டினால் 298ஏ. அதில் இரண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. இவற்றோடு 1948ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டமும் இருக்கிறது.

ஆனால் நகைச்சுவையாளர்கள் அதிகம் பயப்படுவது தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆவது பிரிவுக்குத்தான். இணையத்தில் புண்படுத்தும் பதிவுகளைப் போடுவது இதில் குற்றம். முன்பு இதற்கு 50,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தில் அபராதம் 5 லட்சம் ரிங்கிட், சிறை இரண்டாண்டு என உயர்ந்தது. 'புண்படுத்தும்' என்ற சொல் 'மிக மோசமாகப் புண்படுத்தும்' என்று மாறியது. மோசத்துக்கும் மிக மோசத்துக்கும் கோடு எங்கே என்பதை யார் சொல்வது?

2022 ஜூனில் கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள கிராக்ஹவுஸ் காமெடி கிளப்பில் ஒரு பெண், தாம் முஸ்லிம் என்று சொல்லி மேடையிலேயே பாஜு குரோங்கைக் கழற்றினார். காணொளி பரவியது. அவர்மீது 298ஏ பிரிவில் வழக்கு. மாநகராட்சி மன்றம் கிளப்பின் உரிமத்தை ரத்து செய்தது. அடுத்த மாதம் கிளப்பின் இணை உரிமையாளர் ரிசால் வான் கெய்சல், இன விவகாரங்களைத் தொட்ட தம் காணொளிகளுக்காக 233இன் கீழ் மூன்று குற்றச்சாட்டுகளை எதிர்நோக்கினார்; மூன்றையும் மறுத்தார். அவரைச் சிக்க வைத்தவை அன்றைய நிகழ்ச்சியில் பேசிய ஜோக்குகள் அல்ல, ஏற்கெனவே வலைத்தளத்தில் கிடந்த பதிவுகள்.

2025 மார்ச்சில் ஏரா எஃப்எம் அறிவிப்பாளர்கள் 'வேல் வேல்' என்று சொல்லிக் காவடியாட்டத்தைக் கேலி செய்த காணொளி நம்மைக் கொதிக்க வைத்தது. அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். போலீஸ் 298, 233 பிரிவுகளில் விசாரித்தது. நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் அபராதம். நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் நாமும் இருந்தோம். அந்தக் கோபத்தில் தவறில்லை.

அதே 233 இன்னொரு பக்கமும் வெட்டியிருக்கிறது. 2021 ஜனவரியில், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைக் காரணம் காட்டி, கெடா மந்திரி பெசார் சனுசி தைப்பூச விடுமுறையை ரத்து செய்தார். அதைக் கிண்டலடித்துக் கேலிச்சித்திரம் வரைந்தவர் சூனார்; பெண்டாங்கில் பிறந்த கெடாக்காரர், மலாய்க்காரர். நம் விடுமுறைக்காக வரைந்த அவரை அந்த ஆண்டு மே மாதம் போலீஸ் அழைத்து விசாரித்தது. சொல்லப்பட்ட பிரிவுகளில் 233உம் ஒன்று.

மேடை ஏறுவோருக்கு நடைமுறையில் ஒரு விஷயம். மண்டபத்தில் இருப்பவர்களுக்கு முன்னும் பின்னும் தெரியும். முப்பது விநாடி டிக்டாக் துண்டைப் பார்ப்பவருக்குத் தெரியாது. பேசியவர் மட்டுமல்ல, பதிவேற்றியவரும் 233இல் மாட்டலாம். நிகழ்ச்சி தொடங்குமுன் கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டாம் என்று ஏற்பாட்டாளர் அறிவித்துவிடுவது நல்லது. உறவினர் வீட்டு விருந்தாக இருந்தாலும் சரி.